தொப்பி சாய்ந்த போலீஸ்காரன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டுகளை எடுத்து, மேசைவிரிப்பை பால்கனியில் உதறி மடித்து வைத்ததும், அட்டை வெட்ட உட்காருவது அர்கிரிஸின் வேலை. படம் ஒட்டி வார்த்தை எழுதிக் கொடுப்பது மனைவி தெக்லா, வெட்டுவது அவர். வாரம் முழுக்கப் பருத்தி வயல்களில் தண்ணீர் பம்பு பழுது பார்க்கிற கை அது. சாதாரணக் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையாது. அதனால் பட்டறையிலிருந்து தகரம் வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசை இழுப்பறையில், கரண்டிகளோடு வைத்திருக்கிறார். தகரக் கத்தரிக்கு அட்டை ஒரு பொருட்டில்லை. வேண்டியதற்கு மேலேயே வெட்டிவிடும். மீனுக்கு வால் குறையும். குடைக்குக் கைப்பிடி போய்விடும். போலீஸ்காரனுக்குத் தொப்பி எப்போதும் இடதுபக்கம் சாயும்.

"இவன் என்ன, குடிச்சிட்டு டூட்டிக்கு வந்தவனா?" என்பாள் தெக்லா.

"உன் கிளாசுக்குள்ள வர்றதுக்கு அவனுக்கும் கொஞ்சம் தைரியம் வேணும் இல்ல?" என்பார் அர்கிரிஸ்.

நான் அவர்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். கிரேக்கச் சிற்றூரான கம்போஹோரியின் ஒரே அரசு நடுநிலைப் பள்ளியில் தெக்லா ஆங்கிலம் எடுக்கிறாள், நான் கணக்கு எடுக்கிறேன். அவர்கள் மகள் மிர்சினிக்கு ஞானஸ்நானம் செய்து வைத்த ஞானத்தாயும் நான்தான். ஆகவே யார் பக்கமும் சாயாமல் சொல்லத்தான் ஆசை. பார்க்கலாம்.

பதினேழு வருடமாகத் தெக்லா ஒவ்வொரு செப்டம்பரிலும் ஏதாவது ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வருவாள். திரும்பி வரும்போது கண்ணில் வெளிச்சமும் பையில் ஒரு புது முறையும் இருக்கும். எங்கள் பள்ளியில் படித்துப் போன பிள்ளைகள் வருடங்களை அதை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். பந்து வருஷம்: பந்து யார் கையில் விழுகிறதோ அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். வாக்கியங்கள் எத்தனை தேறின என்று தெரியாது, ஜன்னல் கண்ணாடி இரண்டு போயின. அடுத்தது நட்சத்திர வருஷம். வாய் திறந்து பேசுகிறவருக்கு ஒரு நட்சத்திர ஒட்டி. இருபது சேர்த்தால் பரிசு. மூன்றாவது வாரத்தில் இடைவேளையில் ஒரு சந்தை உருவாகிவிட்டது. ஒரு சீஸ் பஃப்ஸுக்கு நாலு நட்சத்திரம் என்பது விலை. பரிசை வாங்கியது பேக்கரிக்காரர் மகன். வருடம் முழுக்க ஆங்கிலத்தில் அவன் 'யெஸ்' கூடச் சொன்னதில்லை.

இது தெக்லாவின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரில் பள்ளி ஒன்று, ஆங்கில டியூஷன் சென்டர்கள் ஐந்து. எட்டு வயதில் பிள்ளையை டியூஷன் படியேற்றுவது, ஞானஸ்நானத்துக்கு அடுத்த சடங்கு. சாயங்காலம் அங்கே கசக்கிப் பிழிவார்கள், பதினைந்து வயதில் 'லோயர்' என்கிற ஆங்கிலச் சான்றிதழ்ப் பரீட்சை எழுத வைப்பார்கள், சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள். பள்ளிக்கூட ஆங்கிலம் என்பது களைத்த பிள்ளைகள் ஓய்வெடுக்கிற நேரம். கொஞ்சம் பொறுப்பான பிள்ளைகள் அந்த நேரத்தில் டெஸ்க்குக்கு அடியில் டியூஷன் வீட்டுப்பாடத்தை எழுதுவார்கள்.

இதை ஏற்றுக்கொள்ளாத ஒரே மனுஷி தெக்லா.

ஏற்றுக்கொள்ளாததோடு நின்றிருக்கலாம். ஆறு வருடத்துக்கு முன் நவம்பர் முதல் தேதி, அர்கிரிஸின் பெயருக்குரிய புனிதர் திருநாள் விருந்தில், முப்பது பேர் முன்னால் வாயை விட்டாள். தொடங்கி வைத்தது பெலாகியா. பெலாகியா அர்கிரிஸின் பெரியப்பா மகள், ஐந்து டியூஷன் சென்டர்களில் பெரியது அவளுடையது, வாயும் அப்படியே.

"மிர்சினிக்கு எட்டு ஆச்சே, எப்போ என்கிட்ட அனுப்பப் போற தெக்லா?"

"அனுப்ப மாட்டேன் அண்ணி."

"அனுப்பாம?"

"வீட்ல ஒருத்தி இருக்கேன், பள்ளிக்கூடத்துலயும் நான்தான் இருக்கேன். லோயர் என்ன, அதுக்கு மேலயும் வாங்குவா. உங்க படி ஒண்ணுகூட மிதிக்காம வாங்குவா."

"அதையும் பார்ப்போம்" என்று பெலாகியா ஒரு முழுக் கோழிக்காலை எடுத்துக்கொண்டாள். முப்பது பேரும் கேட்டார்கள். எங்கள் ஊரில் முப்பது பேர் என்றால் ஊர்.

இப்போது மிர்சினிக்குப் பதினான்கு முடிந்து பதினைந்து நடக்கிறது. மே மாதம் லோயர் பரீட்சை. தெக்லாவின் பதினேழு வருட முறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு பிள்ளைதான் விடைத்தாள்.

அந்த விடைத்தாள் வாயைத் திறக்கவில்லை. அம்மா வகுப்பில் மிர்சினி கடைசி பெஞ்ச். சரியான பதில் சொன்னால், "வீட்லயே சொல்லிக் குடுத்தாச்சு" என்பார்கள். தப்பாகச் சொன்னால், "ஓ... டீச்சர் பொண்ணு!" என்று வகுப்பே ராகம் இழுக்கும். ஆகையால் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் தெக்லா ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால், "அம்மா, ப்ளீஸ், பசிக்குது" என்று கிரேக்கத்தில் பதில் வரும். உப்பை எடு என்று ஆங்கிலத்தில் சொன்னால் உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள்.

"சோம்பேறி. உன் வீட்டு ரத்தம்" என்பாள் தெக்லா அர்கிரிஸிடம்.

அர்கிரிஸ் எதுவும் சொல்லமாட்டார். சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

இந்த வருடம் துப்பறியும் வருஷம். அருங்காட்சியகத்தில் ஒரு திருட்டு. ஆளுக்கு ஓர் அட்டை: ஒருவன் போலீஸ், ஒருவன் திருடன், மற்றவர்கள் சாட்சி. ஒருவரையொருவர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுத் திருடனைப் பிடிக்கவேண்டும். தெக்லா மூன்று இரவு உட்கார்ந்து எழுதிய கதை அது, நிஜமாகவே நல்ல கதை. முதல் நாள் வகுப்பில் நடந்ததைப் பக்கத்து அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என்னாலேயே கேட்க முடிந்தது.

"டேய், திருடன் நீயா?" இது ஸ்தாதிஸ், சுத்தமான கிரேக்கத்தில்.

"நான் இல்லடா. அவ."

"நீயா?"

"ஆமா."

"டீச்சர், பிடிச்சாச்சு!"

மொத்தம் ஒன்றரை நிமிடம். பிறகு டெஸ்க்குக்கு அடியிலிருந்து டியூஷன் புத்தகங்கள் வெளியே வரும் சரசரப்பு. அவர்களுக்குத் தெக்லாவைப் பிடிக்காமல் இல்லை. ரொம்பப் பிடிக்கும். மனசு நோகக் கூடாதே என்றுதான் அவ்வளவு சீக்கிரம் பிடித்துக் கொடுத்தார்கள்.

முறையால் பயனடைந்த ஒரே ஜீவன் அர்கிரிஸ். வெட்டுகிற அட்டையில் இருப்பதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வெட்டுவது அவர் வழக்கம். போன நவம்பரில் ஒரு டச்சுக்காரர் பம்பு விற்க வந்தபோது அர்கிரிஸ் தானே பேசினார். பெட்டியில் ஒரு வாஷர் குறைந்தது. "சந்தேக நபரைக் காணவில்லை. கடைசியாகப் பார்த்த சாட்சி யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, கூடவே இரண்டு வாஷர் அனுப்பி வைத்தார்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். மிர்சினி செவ்வாய், வியாழன் சாயங்காலம் கூடைப்பந்துப் பயிற்சிக்குப் போகிறாள் என்பது வீட்டுக் கணக்கு. அர்கிரிஸ்தான் வேனில் கொண்டுபோய் விடுவார். வேன் மைதானத்தின் வாசலில் நிற்காமல், இரண்டு தெரு தள்ளி, பெலாகியாவின் படிக்கட்டுக்கு எதிரே நிற்கும். அக்டோபரிலிருந்து. கேட்டது மிர்சினியேதான். "அப்பா, நான் ஃபெயில் ஆனா அம்மாவை ஊரே கிண்டல் பண்ணும்பா" என்றாளாம். அந்த வார்த்தைக்கு எந்த அப்பாவும் வேனை எடுத்துவிடுவான். ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாதவள் தெக்லா ஒருத்திதான்.

காட்டிக் கொடுத்தது புத்தாண்டுக் கேக்.

எங்களுக்கு அது ஜனவரி முதல் தேதியோடு முடிகிற விஷயம் இல்லை. காசு மறைத்து வைத்த அந்தக் கேக்கை பிப்ரவரி கடைசி வரைக்கும் ஊரில் யாராவது வெட்டிக்கொண்டே இருப்பார்கள்: கால்பந்து சங்கம், தீயணைப்பு நிலையம், பம்பு மெக்கானிக் சங்கம். டியூஷன் சென்டர்களும் வெட்டும். யார் துண்டில் காசு வருகிறதோ அவருக்கு வருடம் முழுக்க அதிர்ஷ்டம்; அவரைப் படம் எடுத்து ஊருக்குச் சொல்வார்கள். பெலாகியா எல்லாம் யோசித்திருந்தாள். மிர்சினியின் பெயரைப் பதிவேட்டில் வேறு பக்கத்தில் எழுதியிருந்தாள், ஜன்னல் பக்கம் உட்கார வைக்கமாட்டாள். காசு மிர்சினியின் துண்டில் விழும் என்று மட்டும் யோசிக்கவில்லை. சென்டரில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இந்த ரகசியம் எதுவும் தெரியாது. அவள் பாட்டுக்குப் படத்தை எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டாள்.

ஃபேஸ்புக் எங்கள் ஊரில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் மைதானம். பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. ஆகவே மிர்சினிக்கு எதுவும் தெரியாது. வியாழக்கிழமை மதியம் தெக்லா ரொட்டி வாங்கப் போனாள். பேக்கரி அசிமினா கல்லாவை விட்டே எழுந்து வந்துவிட்டாள்.

"கொடுத்து வச்சவ நீ! வருஷம் பூரா உங்க வீட்ல அதிர்ஷ்டம்தான்!"

"என்ன சொல்ற?"

"உன் பொண்ணுக்குத்தானே காசு விழுந்துச்சு! எம்மவன் மூணு துண்டு தின்னான், பல்லுல ஒண்ணும் தட்டல."

கைபேசியில் மிர்சினி காசைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். தோளைச் சுற்றிப் பெலாகியாவின் கை. கீழே: 'நம் மாணவி மிர்சினிக்கு வாழ்த்துகள்!' நாற்பத்து மூன்று பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் தலைமையாசிரியர். இன்னொருத்தி நான், பழக்கதோஷத்தில் கைபட்டுவிட்டது.

"ஆமாமா" என்றாள் தெக்லா. "காசு விழுந்துச்சு. ஒரு எள்ளு ரொட்டியும் சேர்த்துக் குடு."

எள்ளு ரொட்டி அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தெக்லா வாழ்க்கையில் முதல்முறையாகப் பெலாகியாவின் படி ஏறினாள். இருபத்தேழு படி. எண்ணிக்கொண்டே ஏறியதாக அவளே சொன்னாள். ஒவ்வொரு படியிலும் பெலாகியாவுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்திருக்கிறாள். மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரு பேச்சுப்போட்டிக்கு ஆகும் அளவுக்கு இருந்தது.

வகுப்பறைக் கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. உள்ளே பார்த்தாள். சுவரில் வண்ணப்படம் கிடையாது, போஸ்டர் கிடையாது, ஒரு காலண்டர்கூட இல்லை. பெலாகியா ஐஸ் காபியை உறிஞ்சிக்கொண்டு, சொல்வதெழுதுதல் நோட்டுகளைச் சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எட்டுத் தப்பு. கழுதை மேய்க்கப் போ. உனக்கு ரெண்டு, நீ கழுதைக்கு முதலாளி. எல்லாரும் முடிச்சாச்சா? சரி, பத்து நிமிஷம் இருக்கு. கிரேக்கத்துல ஒரு வார்த்தை காதுல விழுந்தா, அட்டையைப் பிடுங்கிட்டு இன்னொரு பக்கம் எழுத விடுவேன். எடுங்க."

பிள்ளைகள் பசித்தவர்கள் பந்திக்குப் பாய்வதுபோல மேசைக்குப் பாய்ந்தார்கள். மேசையில் அட்டைகள். மேலே இருந்த அட்டையில் ஒரு போலீஸ்காரன். தொப்பி இடதுபக்கம் சாய்ந்திருந்தது.

தெக்லா தயார் செய்திருந்த வாக்கியங்களில் பாதி அங்கேயே போய்விட்டது.

எழுந்து முன்னால் வந்து நின்றவள் மிர்சினி. இரண்டு முறை கை தட்டினாள், தெக்லா தட்டுவதுபோலவே, இரண்டாவது தட்டு கொஞ்சம் பிந்தி. தலையைச் சாய்த்து, தெக்லாவின் குரலிலேயே, ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

"அமைதி, அன்பர்களே! நேற்றிரவு நமது அருங்காட்சியகத்தில் திருட்டு நடந்தது. உங்களில் ஒருவர் பொய் சொல்கிறார். ஸ்தாதிஸ், இரவு பதினொரு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

பள்ளியில் ஒன்றரை நிமிடத்தில் திருடனைப் பிடித்த அதே ஸ்தாதிஸ் எழுந்து நின்றான். "அம்மணி, நான் என் மாமாவின் ஆட்டுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்."

"எந்த ஆடு?"

"கறுப்பு ஆடு."

"நள்ளிரவிலா?"

"அது இரவில் மட்டுமே நோய்வாய்ப்படும், அம்மணி. பகலில் அதற்கு நேரமில்லை."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தெக்லா சிரித்துவிட்டாள். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெலாகியா நிமிர்ந்து பார்த்தாள். காபியோடு நடைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"வா தெக்லா. இருபத்தேழு படி. மூச்சு வாங்குதா?"

"அது என் அட்டை."

"உன் அட்டைதான். உன் புருஷன் வெட்டுனது, உன் பொண்ணு கொண்டுவந்தது. என்னோடது இங்க மேசை மட்டும்தான்."

"என்கிட்ட ஒன்றரை நிமிஷத்துல முடிச்சிட்டு உங்க வீட்டுப்பாடம் எழுதுறாங்க அண்ணி. இதே பிள்ளைங்க. இதே ஆட்டம்."

"நீ அதையே சாப்பாடாப் போடுற. நான் தட்டைக் காலி பண்ணினவனுக்கு மட்டும் கடைசியில ஒரு துண்டு இனிப்பாக் குடுக்கறேன்."

"அப்போ உங்க சாப்பாடு வாயில வைக்க முடியாதுன்னு ஒத்துக்கறீங்க."

பெலாகியா உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "ஒத்துக்கறேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளை ஒண்ணும் சொல்லிடாத. இங்க அவ யார் பொண்ணும் இல்ல. அதான் பேசறா."

தெக்லா திரும்பிப் படி இறங்கினாள். இறங்கும்போது எண்ணவில்லையாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு மொச்சை சூப். மிர்சினி விளையாட்டுப் பையோடு வந்தாள். குளித்ததுபோல இருக்கட்டும் என்று குழாயில் முன்மயிரை மட்டும் நனைத்திருந்தாள். அர்கிரிஸ் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்தார்.

தெக்லா வழக்கம்போல ஆங்கிலத்தில் கேட்டாள்: "பயிற்சி எப்படி இருந்தது?"

வழக்கம்போல 'பசிக்குது' வரவேண்டும். ஆட்டத்தின் சூடு இன்னும் ஆறவில்லையோ என்னவோ, மிர்சினி ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "மிகவும் கடினமாக இருந்தது."

"அப்படியா? ஏன்?"

"பந்து மதிலைத் தாண்டி பாதிரியாரின் தோட்டத்தில் விழுந்துவிட்டது."

"ஐயோ. அவர் கோபித்துக்கொண்டாரா?"

"இல்லை. பந்தைத் திருப்பிக் கொடுத்தார். எங்களுக்காகப் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார். நாங்கள் விளையாடுவதை அவர் முன்பே பார்த்திருக்கிறார்."

தெக்லா சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். மேலும் கேட்டாள். தோட்டத்தில் என்ன இருந்தது, முட்டைக்கோசு நசுங்கியதா, பாதிரியாரின் மனைவி என்ன சொன்னாள். மிர்சினி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் வைத்திருந்தாள். ஒன்றையொன்று முட்டாத பொய்கள். பதினோரு நிமிடம் என்று தெக்லா சொல்கிறாள், சுவர்க் கடிகாரம் அவளுக்கு எதிரே இருந்ததாம். ஒரே ஒரு இடத்தில் மிர்சினி தப்புவிட்டாள். தெக்லா திருத்தவில்லை. பதினேழு வருடத்தில் அவள் கையில் சிக்கித் தப்பித்த முதல் தப்பு அது.

அர்கிரிஸ் சூப்பிலிருந்து நிமிராமல், தானும் ஏதாவது சொல்லவேண்டும் என்று, ஆங்கிலத்தில் சொன்னார்: "பாதிரியார் மீது சந்தேகம் இல்லை."

மறுநாள் வெள்ளிக்கிழமை, பள்ளியில் ஓர் அதிசயம். தெக்லா சொல்வதெழுதுதல் வைத்தாள். நாற்பது வார்த்தை. வகுப்பு திகைத்துப்போனது.

"டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்றான் ஸ்தாதிஸ், நிஜமான கவலையோடு.

"எழுதுடா கழுதை."

முடித்தவர்களுக்குக் கடைசிப் பத்து நிமிடம் அட்டை. அன்று திருடனைப் பிடிக்க நேரமானது. மணி அடித்த பிறகும் இரண்டு பேர் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டே வெளியே போனதை நானே பார்த்தேன். ஆசிரியர் அறையில் தெக்லாவைப் பிடித்தேன். "மிர்சினி?" என்று கேட்டேன்.

"அவளுக்கு சாட்சி அட்டை குடுத்தேன். ஒண்ணும் பார்க்கலைன்னு தலையாட்டிட்டு உட்கார்ந்துட்டா" என்றாள்.

வியாழக்கிழமையே பெலாகியா அர்கிரிஸுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அந்த மூன்று நாளும் அவர் வீட்டில் பூனைபோல நடந்தார். மாடிக் குழாயைச் சரிசெய்தார், கதவுகளுக்கு எண்ணெய் போட்டார், யாரும் சொல்லாமல் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தார். தெக்லா திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. "வாழ்க்கையில இவ்வளவு பயந்தது இல்ல. கத்தினா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்" என்று வேனைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார். ஜனவரிக் குளிரில் வேன் கழுவுகிற மனிதனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காபிக்கு நான் மேலே போயிருந்தேன். தட்டுகள் எடுத்தாகிவிட்டது, மேசைவிரிப்பு உதறியாகிவிட்டது. தெக்லா அடுத்த வாரத்துக்கான கதையை எழுதி ஒட்டி முடித்திருந்தாள்: ஹோட்டலில் ஒரு மரகதம் காணாமல் போகிறது, ஒன்பது பேர் மேல் சந்தேகம். மிர்சினி தன் அறையில் பாட்டுப் போட்டிருந்தாள். அர்கிரிஸ் இழுப்பறையிலிருந்து தகரக் கத்தரியை எடுத்தார். முதல் போலீஸ்காரனைப் பிடித்தார். வெட்டவில்லை.

"தெக்லா."

அவள் பசை டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள்.

"அட்டை தடிமனா இருக்கு. சேர்த்து வச்சு வெட்டினா ஒரே வெட்டுல போயிரும்" என்று என்னைப் பார்த்தார். நான் காபிக் கோப்பைக்குள் பார்த்தேன். அவர் கத்தரியைக் கீழே வைத்து, மறுபடி எடுத்தார். "செவ்வாய்க்கிழமை வருதே, அதான் கேக்கறேன். உன் கிளாசுக்கு மட்டும் ஒரு கட்டு வெட்டணுமா, அங்கயும் சேர்த்து ரெண்டு கட்டா?"

மூடி கிடைத்தது. தெக்லா அதை இறுக்கித் திருகினாள். மேசையில் சிதறியிருந்த படக் காகிதத் துணுக்குகளை உள்ளங்கையால் ஓரத்துக்குக் கூட்டி, மறு கையில் ஏந்திக்கொண்டாள். என் கோப்பையில் காபி பாதி இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.